வாக்காளர் பட்டியலே முதல் பாடநூல்

மக்களாட்சியில் வாக்குரிமையைப் பற்றிப் பள்ளிகளில் நடத்தப்படும் பாடம் பெரும்பாலும் வாக்குச்சாவடியில் தொடங்கி, விரலில் வைக்கப்படும் மையோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சாவடிக்குள் நுழையத் தகுதியுடையவர் யார் என்பதைத் தீர்மானிக்கும் வாக்காளர் பட்டியலைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமலேயே மாணவர் பதினெட்டு வயதை எட்டிவிடுகிறார். வாக்குரிமை மறுப்பின் வரலாற்றைப் புரட்டினால், ஓர் இனத்தையோ சாதியையோ மொழியினரையோ ஆட்சியிலிருந்து விலக்கிவைக்க விரும்பியவர்கள் தடியோடு சாவடி வாசலில் நின்ற காலங்கள் உண்டென்றாலும், அதைவிட அதிகமாக அவர்கள் நம்பியது அலுவலக மேசையில், சட்டத்தின் பெயரால், சத்தமில்லாமல் பட்டியலைத் திருத்தும் வழியைத்தான் என்பது தெரியவரும். ஆகவே இனநீதியையும் வாக்குரிமையையும் சேர்த்துக் கற்பிக்க முனைவோர் பட்டியலிலிருந்து தொடங்குவதே பொருத்தம். அதற்குப் பெங்களூரின் லிங்கராஜபுரத்தைப் போன்ற ஒரு பகுதி நல்ல வகுப்பறையாக அமையும்.

பழைய கண்டோன்மென்ட் பகுதிக்கு வடகிழக்கே, காக்ஸ் டவுனுக்கும் கம்மனஹள்ளிக்கும் இடையே, ரயில் பாதையைத் தாண்டிச் செல்லும் மேம்பாலத்தால் பலருக்கும் அறிமுகமான லிங்கராஜபுரத்தில், தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவருகிறார்கள். 1809-இல் பிரிட்டிஷார் பெங்களூரில் படைமுகாம் அமைத்தபோது சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களாகவும் கொத்தர்களாகவும் சமையற்காரர்களாகவும் வணிகர்களாகவும் வந்தவர்களின் வழித்தோன்றல்களும், பின்னாளில் பிழைப்பு தேடி வந்தவர்களும் கன்னடர், தெலுங்கர், மலையாளி, உருது பேசும் முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர் ஆகியோருடன் கலந்து வாழும் வட்டாரம் இது. அண்மைக் காலத்தில் வடகிழக்கு மாநிலத்தவரும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து படிக்க வந்த மாணவர்களும் இதைச் சுற்றியுள்ள தெருக்களில் வாடகைக்குக் குடியேறியுள்ளனர். சட்டமன்றத் தேர்தலில் சர்வஞ்ஞநகர் தொகுதியிலும், மக்களவைத் தேர்தலில் பெங்களூர் மத்தியத் தொகுதியிலும் இப்பகுதி அடங்கும். அதே மக்களவைத் தொகுதியில் சிவாஜிநகரும் மகாதேவபுரமும் அடங்கும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. அவ்விரு பெயர்களும் பின்னால் வரப்போகின்றன.

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 325-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால் ஆகியவற்றின் அடிப்படையில் மட்டும் எவரையும் வாக்காளர் பட்டியலுக்குத் தகுதியற்றவர் ஆக்க முடியாது என்கிறது. அடுத்துள்ள 326-ஆம் பிரிவு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்னும் கொள்கையை நிறுவுகிறது. முதலில் 21 ஆக இருந்த வயது வரம்பு, 61-ஆவது திருத்தத்தின் மூலம் 1989-இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. இவ்வளவு தெளிவாக அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தும், வாக்களிக்கும் உரிமை அடிப்படை உரிமை அன்று, சட்டம் இயற்றித் தரும் உரிமையே என்ற நிலைப்பாட்டை நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ளன. அதற்குத் தொடக்கமாக மேற்கோள் காட்டப்படும் 1952-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, நாமக்கல் தொகுதியில் வேட்புமனு தள்ளுபடியான பொன்னுசாமி என்பவர் தொடுத்த வழக்கில் வந்தது. சட்டம் தரும் உரிமை என்றால், அச்சட்டம் வகுக்கும் நடைமுறையின் வழியாகத்தான் அது ஒருவரின் கைக்கு வரும். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி, வயது நிரம்பிய குடிமகன் ஒரு தொகுதியில் ‘சாதாரணமாகக் குடியிருப்பவர்’ என்று பதிவு அலுவலர் ஏற்று, பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்த பின்பே அவர் வாக்காளர். ஓரிடத்தில் சொந்த வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உரிமை மறுப்புக்கான வாசல்கள் பெரும்பாலும் இந்தக் குடியிருப்பு, குடியுரிமை, சான்று என்னும் மூன்று சொற்களின் இடுக்கில்தான் திறக்கின்றன.

‘இனம்’ என்னும் சொல் தமிழ் வாசகருக்கு உடனே இலங்கையையோ அமெரிக்காவையோ நினைவூட்டும்; இந்தியாவில் சாதிதான் உண்டு, இனப்பாகுபாடு இல்லை என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. ஐக்கிய நாடுகள் அவை 1965-இல் ஏற்றுக்கொண்டு இந்தியாவும் 1968-இல் உறுதிசெய்த இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை, நிறம், இனம் ஆகியவற்றோடு ‘வம்சாவளி’ அடிப்படையிலான பாகுபாட்டையும் இனப்பாகுபாடு என்றே வரையறுக்கிறது. சாதி இதில் அடங்கும் என்று அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு சொல்லிவர, அடங்காது என்று இந்திய அரசு மறுத்துவருகிறது. இந்த விவாதம் எப்படி முடிந்தாலும், லிங்கராஜபுரத்துத் தெருவில் இனம் என்பது வெறும் கருத்து அன்று. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டிப் பெங்களூரில் மூண்ட கலவரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2012 ஆகஸ்டில் பரவிய வதந்திகளுக்கு அஞ்சி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் இந்நகரத்தைவிட்டு ரயில் ஏறினார்கள். 2014-இல் டெல்லியில் அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்த பின்னர் மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, தோற்றத்தை வைத்து இழிவுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

ஆங்கிலோ இந்தியரின் நிலை இன்னும் வேறுபட்டது. வம்சத்தை வைத்து அரசமைப்புச் சட்டமே வரையறுத்த சமூகம் அது: தந்தைவழியில் ஐரோப்பிய மூதாதையர் கொண்டு, இந்தியாவில் நிலையாக வாழ்பவர் என்று 366-ஆம் பிரிவு விளக்குகிறது. எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மை பெற இயலாத அளவுக்குச் சிதறி வாழ்வதால், மக்களவையில் இருவரையும் கர்நாடகம் போன்ற மாநிலங்களின் சட்டமன்றத்தில் ஒருவரையும் நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 296 ஆங்கிலோ இந்தியரே உள்ளனர் என்று 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசுத் தரப்பு கூறியபோது, லிங்கராஜபுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் அறிந்தவர்கள் வியந்திருப்பார்கள். அந்த எண்ணிக்கையைச் சமூக அமைப்புகள் மறுத்தன. எனினும் 104-ஆவது திருத்தம் நிறைவேறி, 2020 ஜனவரியோடு நியமன இடங்கள் முடிவுக்கு வந்தன. நியமனம் மக்களாட்சிக்கு உகந்ததா என்று கேட்கலாம். ஆனால் ஒரு சமூகத்தின் இடத்தை நீக்குவதற்குமுன் அதன் தலைகளையாவது சரியாக எண்ணியிருக்க வேண்டாமா?

பட்டியல் தயாரிப்பதே ஓர் அரசியல் செயல் என்பதைச் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் காட்டியது. எழுதப்படிக்கத் தெரிந்தோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாக இருந்த நாட்டில், சொத்தோ படிப்போ கேட்காமல் 17 கோடிக்கு மேற்பட்டோரின் பெயர்களைப் பட்டியலில் ஏற்றியது அக்கால உலகில் ஒப்புமை இல்லாத துணிச்சல். மைசூர் அரசில் அதற்குமுன் வாக்குரிமை சொத்தையும் கல்வியையும் சார்ந்தே இருந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்து மைசூர் திவானான ரங்காச்சார்லு 1881-இல் கூட்டிய பிரதிநிதிகள் சபை முன்னோடி என்று புகழப்பட்டாலும், அதில் இடம்பெற்றோர் நிலவரி செலுத்துவோரும் வணிகருமே. அந்த நிலையிலிருந்து ஒரே தாவலில் அனைவருக்கும் வாக்கு என்ற நிலைக்கு வந்தபோதும் ஓரிடத்தில் தடங்கல் ஏற்பட்டது. வட மாநிலங்களில் பல பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவாயினர். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அத்தகைய பதிவுகளை ஏற்க மறுத்ததால், ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அவருடைய நோக்கம் பெண்ணைத் தனிமனிதராக அங்கீகரிப்பது. விளைவோ, அத்தனை பெண்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்காமற்போனது. நல்ல நோக்கமுடைய திருத்தமும் ஆளை வெளியே தள்ளக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நோக்கமே தீயதாக இருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் வரலாறு அறியும். ஆசியாவிலேயே முதன்முதலாக 1931-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வழங்கிய நாடு இலங்கை; 1947 பொதுத்தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் வாக்களித்து, இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்டோரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்; வேறு பல தொகுதிகளில் அவர்களுடைய வாக்கு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. மறு ஆண்டே, 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒருவர் இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அவருடைய தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ அங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும் என்று அது கேட்டது. கங்காணியின் பின்னால் நடந்து கடல்தாண்டிப் போய், லயன் அறையில் பிறந்து வளர்ந்தவர்களிடம் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடிமகன் அல்லாதவர் வாக்காளராக முடியாது என்றும் ஆக்கினார்கள். இரண்டு சட்டங்களிலும் ‘தமிழர்’ என்ற சொல் இல்லை. ஆனால் 1952 தேர்தலில் மலையகத் தமிழரின் பிரதிநிதி ஒருவர்கூட நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. தொண்டமான் மீண்டும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வாக்கு இல்லாதவரைப் பேரம் பேசிப் பகிர்ந்துகொள்வது எளிது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், நாடற்ற மலையகத் தமிழர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்து, எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. 1974-இல் இந்திரா காந்தியின் காலத்தில் அவர்களும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். அப்படித் ‘தாயகம் திரும்பிய’ குடும்பங்கள் தமிழகத்தில் மட்டுமன்றிக் கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களிலும் குடியமர்த்தப்பட்டன. ஆகையால் இது கர்நாடகத் தமிழரின் வரலாறும் ஆகும். எஞ்சியிருந்த நாடற்றோர் அனைவருக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் இலங்கையில் 2003-இல்தான் நிறைவேறியது. ஒரு பட்டியலிலிருந்து பெயரை எடுக்க ஓராண்டு போதுமாயிருந்தது, திருப்பிச் சேர்க்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பாட்டனைக் கேட்கும் இந்த உத்தி இலங்கையில் பிறந்ததன்று. அமெரிக்காவில் உள்நாட்டுப் போருக்குப் பின் 1870-இல் வந்த 15-ஆவது திருத்தம், இனத்தையோ நிறத்தையோ காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்றது. தென் மாநிலங்கள் அச்சொற்களைத் தவிர்த்துவிட்டு, தலைவரி கட்டிய ரசீது, எழுத்தறிவுத் தேர்வு ஆகியவற்றைக் கேட்டன. இவற்றால் ஏழை வெள்ளையரும் பாதிக்கப்படுவார்கள் என்று தெரிந்ததும், 1898-இல் லூசியானா மாநிலம் ஒரு விலக்கைச் சேர்த்தது: 1867-ஆம் ஆண்டின் முதல் நாளில் ஒருவரின் தந்தையோ பாட்டனோ வாக்குரிமை பெற்றிருந்தால் அவருக்குத் தேர்வு தேவையில்லை. அந்தத் தேதியில் அங்கே எந்தக் கறுப்பினத்தவருக்கும் வாக்குரிமை இல்லை. அம்மாநிலப் பட்டியலில் 1896-இல் 1,30,000-க்கு மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1904-இல் 1,342 ஆகக் குறைந்தனர். பாட்டன் விதியை 1915-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தபோதும் எழுத்தறிவுத் தேர்வு நீடித்தது. 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில் ஊர்வலம் சென்றவர்கள் பாலத்தின்மேல் அடித்து நொறுக்கப்பட்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்த பிறகுதான், அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. முன்பு பாகுபாடு காட்டிய மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. அந்த மாநிலங்களை அடையாளம் காணும் அளவுகோல் காலாவதியாகிவிட்டது என்று சொல்லி 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை முடக்கியது.

கற்பித்தலைப் பொறுத்தவரை, செல்மாவுக்கு எட்டு ஆண்டுகள் முந்திய ஒரு வகுப்பு இன்னும் அதிகப் பயன் தரும் பாடம். தென் கரோலினா மாநிலத்தின் ஜான்ஸ் தீவில், பயணிகளை நகரத்துக்கு ஏற்றிச்சென்ற ஈசா ஜென்கின்ஸ் என்னும் பேருந்து ஓட்டுநர், வாக்காளராகப் பதிய அரசமைப்பின் ஒரு பகுதியை வாசித்துக் காட்ட வேண்டியிருந்த தம் மக்களுக்கு வழி தேடினார். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக ஆசிரியர் வேலையை இழந்த செப்டிமா கிளார்க் அதற்குப் பாடத்திட்டம் வகுத்தார். 1957 ஜனவரியில் கூட்டுறவுக் கடை ஒன்றின் பின்னறையில் வகுப்பு தொடங்கியபோது, ஆசிரியராக அமர்த்தப்பட்டவர் பெர்னிஸ் ராபின்சன் என்னும் சிகையலங்காரப் பெண். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்பதே திட்டம். கற்க வந்த முதியோரை மட்டம் தட்டாமல், அவர்களில் ஒருவராகவே உட்கார்ந்து, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று அவர் முதலில் கேட்டார். தம் பெயரை எழுத, மணியார்டர் படிவத்தை நிரப்ப, பதிவு அலுவலகத்தில் வாசிக்க வேண்டிய பகுதியை வாசிக்க என்று அவர்கள் கேட்டவையே பாடங்கள் ஆயின. ‘குடிமைப் பள்ளி’ என்று பெயர்பெற்ற இந்த முறை பின்னர் தென் மாநிலங்கள் எங்கும் பரவியது.

இந்தியத் தேர்தல் ஆணையமும் கற்பித்தலில் சும்மா இருக்கவில்லை. 2009 முதல் வாக்காளர் கல்விக்கென ஒரு முறையான திட்டம் நடக்கிறது. 2011 முதல் ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 2018 முதல் பள்ளி, கல்லூரிகளில் தேர்தல் கல்வியறிவுக் குழுக்கள் அமைக்கப்படுகின்றன. ஆயினும் இவற்றின் தொனி பெரும்பாலும் வாக்காளரைக் கடமை தவறியவராகக் கண்டிக்கும் தொனி. பெங்களூரில் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குப்பதிவு ஐம்பது, ஐம்பத்தைந்து சதவீதத்தைச் சுற்றியே நிற்பதைச் சுட்டி, நகரத்து மக்கள் விடுமுறை கிடைத்தால் ஊர்சுற்றப் போய்விடுகிறார்கள் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்படிப் போகிறவர்கள் இருக்கக்கூடும். ஆனால் லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளில் தேர்தல் நாளன்று காதில் விழும் குறை வேறு: போன முறை போட்டேன், இந்த முறை லிஸ்டில் பேர் இல்லை என்பது. பட்டியலில் இறந்தோரும் வீடு மாறியோரும் நீக்கப்படாமல் கிடந்தால் சதவீதம் தானாகவே குறைந்து தோன்றும் என்ற கணக்கையும் அந்தக் கண்டனம் மறந்துவிடுகிறது.

விழிப்புணர்வின் பெயராலேயே பட்டியலில் கைவைக்கப்படலாம் என்ற ஐயத்தை 2022-ஆம் ஆண்டின் பெங்களூர் நிகழ்வு எழுப்பியது. வீடுவீடாகச் சென்று வாக்காளர் விழிப்புணர்வு ஏற்படுத்த ‘சிலுமே’ என்னும் தன்னார்வ நிறுவனத்துக்கு மாநகராட்சி கட்டணமின்றி அனுமதி வழங்கியிருந்தது; அதன் களப்பணியாளர்கள் வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று எழுதிய அட்டைகளை அணிந்து மக்களின் சாதி, தாய்மொழி, ஆதார் உள்ளிட்ட விவரங்களைத் திரட்டினார்கள் என்று அந்த நவம்பரில் ஊடகங்கள் அம்பலப்படுத்தின. வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்பவர், ஒரு சாவடிக்குரிய பட்டியலைச் சரிபார்க்க ஆணையம் அமர்த்தும் அரசு ஊழியர். பெரும்பாலும் பள்ளி ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ. அந்தப் பெயரைத் தனியார் சூட்டிக்கொண்டார்கள் என்பதுதான் குற்றச்சாட்டின் கடுமை. தேர்தல் ஆணையம் உயர் அதிகாரிகள் இருவரைப் பணியிடைநீக்கம் செய்யச் சொன்னதோடு, சிவாஜிநகர், சிக்பேட்டை, மகாதேவபுரம் ஆகிய மூன்று தொகுதிகளில் 2022 ஜனவரிக்குப் பின் நடந்த சேர்த்தல், நீக்கல் அனைத்தையும் மறுபடி சரிபார்க்க ஆணையிட்டது. அந்த மூன்றில் இரண்டு, லிங்கராஜபுரம் அமைந்த மக்களவைத் தொகுதிக்குள் அடங்குபவை.

சிவாஜிநகரில் கதை அதோடு முடியவில்லை. சுமார் 26,000 பேர் தொகுதியில் வசிக்கவில்லை அல்லது இறந்துவிட்டனர் என்று 2022 அக்டோபரில் தனியார் தரப்பில் புகார் அளிக்கப்பட்டு, 2023-இன் தொடக்கத்தில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 9,000-க்கு மேற்பட்டோருக்கு நோட்டீஸ் போனது; அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் என்று செய்திகள் வெளிவந்தன. பலர் அதே தெருவில், ஏன் அதே வீட்டில், இருந்துகொண்டே தாம் இருப்பதை நிரூபிக்க வேண்டியதாயிற்று. அதே காலத்தில் கலபுரகி மாவட்டத்தின் ஆளந்த் தொகுதியில், பெயர் நீக்கக் கோரி இணையவழியில் 6,018 விண்ணப்பங்கள் வந்திருப்பது தெரிந்து விசாரித்தபோது, அவற்றில் 24 மட்டுமே உண்மையானவை என்று கண்டறியப்பட்டது. நீக்கம் கோருவதற்கான படிவம் 7, இறந்தவர் பெயரை எடுக்கப் பயன்படும் தேவையான கருவிதான். பிறர் கையில் அது என்னவாகும் என்பதை ஆளந்த் காட்டியது. 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, பட்டியல் தொடர்பாகத் தெரிந்தே பொய் உறுதிமொழி தருவோருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இந்தப் பிரிவைப் பள்ளிப் பாடத்தில் காண்பது அரிது.

பட்டியலின் ஒரு பக்கத்தை விரித்துப் பார்ப்பதே வகுப்பின் முதல் பயிற்சியாக இருக்கலாம். ஒரு தொகுதியின் பட்டியல் ‘பாகம்’ எனப்படும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பாகம் என்பது பொதுவாக ஒரு வாக்குச்சாவடிக்குரிய சில தெருக்கள். பக்கமெங்கும் சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசை எண், அடையாள அட்டை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பால். சில கட்டங்களின் குறுக்கே ‘டெலீட்டட்’ என்ற முத்திரை சரிவாக ஓடும். அருகில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். ‘ஈ’ என்றால் இறந்தவர், ‘எஸ்’ என்றால் இடம் மாறியவர், ‘ஆர்’ என்றால் இரட்டைப் பதிவு, ‘க்யூ’ என்றால் தகுதி இழந்தவர், ‘எம்’ என்றால் காணப்படாதவர். மாணவர்கள் தம் தெருவின் பக்கத்தில் ‘எஸ்’ இட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் உண்மையிலேயே வீடு மாறினார்களா, அடுத்த சந்தில்தான் இருக்கிறார்களா, புதிய முகவரியில் பதிந்தார்களா என்று விசாரித்து வந்தால், குடிமையியல் பாடநூலின் பல அத்தியாயங்கள் ஒரே மாலையில் விளங்கிவிடும். நீக்கப்பட்ட பெயர்களில் எந்தச் சமூகத்தவர் அதிகம் என்ற கேள்வியும் அங்கே தானாக எழும். அந்தக் கேள்விதான் இனநீதிப் பாடம்.

பெங்களூர்த் தமிழருக்கு ‘எஸ்’ என்னும் எழுத்து தனிப் பொருளுடையது. லீசுக்கும் வாடகைக்கும் வீடு எடுத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தெரு மாறும் குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் படிவம் 8 நிரப்பி முகவரியை மாற்றுவதில்லை. வீட்டுக்காரர் அக்ரிமென்ட் நகல் தரத் தயங்கினால் சான்றும் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம், சொந்த ஊர்ப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டே இங்கும் பதிந்தோர் உண்டு. ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதியக்கூடாது என்று சட்டம் திட்டவட்டமாகச் சொல்கிறது. திருவிழாவுக்குப் போவதுபோல ஊரில் ஒரு வாக்கு, பெங்களூரில் ஒரு வாக்கு என்பது உரிமையின் பெருக்கம் அன்று, விதிமீறல். தமிழ்நாட்டில் 2025 நவம்பரில் தொடங்கிய, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வெளியானபோது ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. அவர்களில் மிகப் பெரும் பகுதியினர் இடம்பெயர்ந்தோர் அல்லது முகவரியில் காணப்படாதோர் என்று வகைப்படுத்தப்பட்டனர். ஊர்ப் பெயர் போய், இங்கும் பதியாமல் விட்டவர் இரு மாநிலத்துக்கும் அயலார் ஆகிவிடுவார். இடம்பெயர்ந்தோர் இருந்த இடத்திலிருந்தே ஊர்த் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரம் ஒன்றை ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முனைந்தது. எதிர்ப்பால் அது அத்தோடு நின்றது.

பெயர் இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டபோது, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் இருந்த அறுவரும் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் முதலிய ஊராட்சிகளில் இதே ஒதுக்கீட்டை ஏற்காத ஆதிக்கச் சாதியினரால் பத்தாண்டுக் காலம் முறையான தேர்தலே நடக்கவில்லை, 2006-இல்தான் நடந்தது. வாக்களிக்கும் உரிமையும் வேட்பாளராக நிற்கும் உரிமையும் ஒன்றில்லாமல் மற்றொன்று ஊனம். லிங்கராஜபுரத்தாருக்கு இதன் வேறொரு வடிவம் பழக்கமானது: பெங்களூர் மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில், அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு, 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிக்கப்பட்ட போதும் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருக்கவில்லை. சாக்கடை அடைப்புக்கும் குப்பைக்கும் யாரிடம் முறையிடுவது என்பது வாக்குரிமைக் கேள்விதான் என்று உணர்த்த இதைவிட நெருங்கிய எடுத்துக்காட்டு ஆசிரியருக்குக் கிடைக்காது.

சட்டம் தரும் பாதுகாப்புகளும் பாடத்தில் இடம்பெற வேண்டும், ஏனெனில் நோட்டீஸ் கண்டவுடன் அஞ்சி ஒதுங்குவோரே அதிகம். முன்பு பட்டியலில் இருந்த ஒருவரின் பெயரைக் குடியுரிமை ஐயத்தால் நீக்குவதானால், அவர் முறையாகச் சேர்க்கப்பட்டவர் என்ற அனுமானத்திலிருந்து தொடங்கி, காரணத்தைத் தெரிவித்து, அவர் தரப்பைக் கேட்ட பின்பே முடிவெடுக்க வேண்டும் என்று லால் பாபு உசேன் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவு அலுவலரின் முடிவு தவறென்றால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அதிகாரியிடமும், அதன்பின் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். பீகாரின் தீவிரத் திருத்தத்தில் விடுபட்ட 65 லட்சம் பேரின் பெயர்களைக் காரணத்தோடு வெளியிட வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும் இந்த வரிசையில் வைத்துக் கற்பிக்கத் தக்கது. தீவிரத் திருத்தத்தின் முதல் இரண்டு கட்டங்களில் கர்நாடகம் இடம்பெறவில்லை என்பதால், இங்குள்ளோர் தயாராவதற்கு அவகாசம் கிடைத்தது.

பதினேழு வயது நிரம்பியவர் முன்கூட்டியே படிவம் 6 அளிக்கலாம்; ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் நாள்களில் எதில் 18 நிறைகிறதோ அதைக் கொண்டு பெயர் சேர்க்கப்படும். ஒவ்வொரு பாகத்தின் பட்டியலும் கர்நாடகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஐயம் கேட்க 1950 என்னும் தொலைபேசி எண் உள்ளது. லிங்கராஜபுரத்தின் பள்ளிகளும் தமிழ்ச் சங்கங்களும் தேவாலயங்களும் மசூதிகளும் அடுத்த தேர்தல் அறிவிப்புக்குக் காத்திராமல், தத்தம் தெருவின் பாகத்தை இப்போதே அச்செடுத்து, அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து, வரி வரியாகப் படிக்கத் தொடங்கலாம்.